ஜாப் ஒர்க் ஷாப்புக்குக் கிளவுட் ஈ.ஆர்.பி: மாத வாடகை கட்டலாமா, சொந்தமாக வாங்கலாமா?

வாசகர் கேள்வி, 2025 ஆகஸ்ட் 2

ஓசூரில் எங்களுக்கு ஜாப் ஒர்க் ஷாப், கஸ்டமர் தரும் பொருளை மெஷினில் கடைந்து கொடுக்கிற இடம். வி.எம்.சி (கம்ப்யூட்டர் ஓட்டும் மில்லிங் மெஷின்) 4, டர்னிங் சென்டர் (அதே மாதிரி லேத்) 3, ஆட்கள் 22 பேர். ஜாப் கார்டு (ஒவ்வொரு வேலையின் விவரச் சீட்டு), டி.சி. (சரக்கோடு போகும் டெலிவரி சலான்), ரிஜெக்‌ஷன் எல்லாம் அப்பா காலத்திலிருந்து நோட்டில்தான். கணக்கு மட்டும் டேலியில். இப்போது ஒரு கம்பெனி கிளவுட் ஈ.ஆர்.பி. (இதையெல்லாம் இணையம் வழியாக ஒரே இடத்தில் வைக்கும் மென்பொருள்) கொண்டுவந்து காட்டுகிறது. ஆளுக்கு மாதம் 1,200 ரூபாய், 8 பேருக்குக் கேட்கிறார்கள். அப்பா, “வாடகை வீட்டுக்கு வெள்ளையடிக்கிற வேலை, வேண்டாம்” என்கிறார். போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பதில், 2025 ஆகஸ்ட் 3, ஞாயிறு காலை

கோயம்புத்தூர், கணபதி பக்கம் எங்கள் ஷாப். பம்ப் ஹவுசிங்கும் மோட்டார் கவரும் ஓட்டுகிறோம். மூன்று வருடமாகச் சந்தா கட்டிக் கிளவுட் மென்பொருள்தான் பயன்படுத்துகிறேன். அதற்கு முன் சொந்த சர்வரில் ஒன்று வைத்திருந்தேன். இரண்டிலும் அடி வாங்கியிருக்கிறேன்.

முதலில் காசு. நீங்கள் சொன்ன கணக்குப்படி மாதம் 9,600, வருடம் 1,15,200 ரூபாய். 5 வருடத்துக்கு 5,76,000. நான் அன்று சொந்தமாக வாங்கியதற்கு 3,50,000 கொடுத்தேன், இரண்டாம் வருடத்திலிருந்து ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்புக் கட்டணம்) 18 சதவீதம், அதாவது வருடம் 63,000. 5 வருடத்தில் 6,02,000 ஆகிவிட்டது. ஆக, வாடகைதான் மலிவு. அப்பாவிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

2025 ஆகஸ்ட் 3, இரவு

காலையில் போட்ட கணக்கில் இரண்டு தப்பு. மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தபோதுதான் உறைத்தது.

ஒன்று, சந்தா ஒவ்வொரு வருடமும் அதே விலையில் நிற்காது. எனக்கு முதல் புதுப்பித்தலிலேயே 10 சதவீதம் ஏற்றினார்கள். அதே வேகத்தில் ஏறினால் உங்கள் 5 வருடச் செலவு 7,03,000 தாண்டும். அப்போது சொந்தம்தான் மலிவாகிறது.

இரண்டு, சொந்தத்துக்கு சர்வர் வேண்டும், யு.பி.எஸ். வேண்டும், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை பேட்டரி மாற்ற வேண்டும். அது எனக்கு 90,000-க்கு மேல் ஆனது. அதைச் சேர்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 18 சதவீத ஜி.எஸ்.டி.யை இரண்டிலும் கிரெடிட் எடுத்துக்கொள்ளலாம் (நாம் கட்டும் வரியில் கழித்துக்கொள்ளலாம்) என்பதால் அதை விட்டுவிட்டேன்.

எனவே காசை வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஒரு மெஷின் ஹவர் (மெஷின் ஒரு மணி நேரம் ஓடினால் வரும் கூலி) 350 ரூபாய் என்று வைத்தால் வருடச் சந்தா 329 மணி நேரக் கூலி. உங்கள் 7 மெஷினுக்குப் பிரித்தால் மெஷினுக்கு மாதம் 4 மணி நேரம் கூட வராது. டிராயிங் தேடுவதிலும், “இந்த லாட் எங்கே நிற்கிறது?” என்று சரக்கைத் தேடி அலைவதிலும் அதைவிட அதிகம் போகிறது. எனக்குப் போனது.

2025 ஆகஸ்ட் 5

“வாடகை வீடு” என்று உங்கள் அப்பா சொன்னது மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அவர் பயப்படுவது வாடகைப் பணத்துக்கு இல்லை என்று நினைக்கிறேன். சாவி யார் கையில் இருக்கிறது என்பதற்குத்தான்.

போன மாதம் நடந்ததைப் பாருங்கள். குஜராத் வாடினாரில் நயாரா எனர்ஜி, வருடம் 2 கோடி டன் கச்சா எண்ணெய் சுத்திகரிக்கிற ஆலை. ரஷ்யாவின் ராஸ்நெஃப்ட்டுக்கு அதில் பங்கு உண்டு என்பதால் ஜூலை 18 அன்று ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டது. ஜூலை 22 அன்று மைக்ரோசாஃப்ட் அவர்களுக்கான மின்னஞ்சல், டீம்ஸ் சேவைகளை நிறுத்தியது. முழுப் பணம் கட்டிய உரிமம் இருந்தும் தங்கள் தரவையே திறக்க முடியவில்லை என்று நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மாத முடிவுக்குள் சேவை திரும்பியது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கு வக்கீல் வைக்க வசதி இருக்கிறது. கணபதியிலோ ஓசூரிலோ இருக்கிற நமக்கு?

நம் மேல் ஐரோப்பா தடை போடாது, சரி. ஆனால் குழாயை மூட இன்னும் சின்னக் காரணமே போதும். ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் 1 முதல் கார்டில் தானாகப் பணம் எடுப்பதற்குப் புது விதி கொண்டுவந்தது. 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. வேண்டும் (மறு வருடம் அந்த வரம்பை 15,000 ஆக்கினார்கள்). எங்கள் கேம் (மெஷினுக்கான புரோகிராமை உருவாக்கித் தரும்) மென்பொருள் சந்தா வெளிநாட்டுக் கம்பெனியுடையது, கார்டில் போய்க்கொண்டிருந்தது. அந்த மாதம் பணம் போகவில்லை. அவர்கள் அனுப்பிய மெயில் குப்பையில் விழுந்து கிடந்தது. திங்கட்கிழமை காலை புரோகிராமர் திறந்தால் மாடல் தெரிகிறது, டூல் பாத் (வெட்டும் கருவி போக வேண்டிய பாதை) எடுக்க முடியவில்லை. ஃபிக்ஸ்சர் (பிடிமானம்) கட்டி, காஸ்டிங் (வார்ப்பு) ஏற்றி, மெஷின் நிற்கிறது. பணம் கட்டி, பில் காட்டி, அவர்கள் ஊரில் விடிந்து பதில் வர இரவு 9 மணி.

அன்றிலிருந்து எங்கள் ஷாப்பில் ஒரு வழக்கம். எது நின்றால் ஸ்பின்டில் (மெஷினின் சுழலும் அச்சு) நிற்குமோ அது நம் கட்டடத்துக்குள் ஒரு பிரதி இருக்க வேண்டும். ஜி-கோட் (மெஷின் படிக்கிற புரோகிராம்), செட்டிங் ஷீட் (பார்ட்டை எப்படிக் கட்டுவது என்ற தாள்), டிராயிங் பி.டி.எஃப்., மூன்றும். மற்றது எங்கே இருந்தாலும் சரி.

2025 ஆகஸ்ட் 10

சொந்த சர்வர் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் கிளவுடுக்கு எதிரி என்று நினைத்துவிடுவீர்கள்.

2019-ல் எங்கள் சர்வரை ரான்சம்வேர் (ஃபைலைப் பூட்டிவிட்டு மீட்புப் பணம் கேட்கும் வைரஸ்) பூட்டியது. காலை 8:10-க்கு அக்கவுண்ட்ஸ் அக்கா கூப்பிட்டார், “அண்ணா, எல்லா ஃபைல் பேரும் வேற மாதிரி இருக்குங்க.” பேக்கப் இருக்கிறதே என்று தைரியமாகத்தான் போனேன். பேக்கப் ஹார்ட் டிஸ்க் அதே சர்வரில் சொருகியபடியே இருந்தது. அதையும் சேர்த்துப் பூட்டியிருந்தது. இரண்டரை வருட ஜாப் கார்டு போனது. கஸ்டமர்களிடம் போய், நாங்கள் அனுப்பிய டி.சி. நகல்களை வாங்கிவந்து திரும்ப ஏற்றினோம். ஜாப் ஒர்க் சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்பிப் போயாக வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. சட்டம். எந்த காஸ்டிங் எந்த டி.சி.யில் வந்தது என்று காட்ட முடியாவிட்டால் கஸ்டமருக்குத்தான் வரிச் சிக்கல். அந்த நாட்களில் எனக்குத் தூக்கம் இல்லை.

அதே 2019 மார்ச்சில்தான் நார்வேயின் நோர்ஸ்க் ஹைட்ரோ, உலகின் பெரிய அலுமினியக் கம்பெனிகளில் ஒன்று, இதே மாதிரி தாக்கப்பட்டது. மீட்புப் பணம் தரமாட்டோம் என்று சொல்லிவிட்டுப் பல ஆலைகளைக் காகிதத்தையும் கையையும் வைத்து ஓட்டினார்கள். அவர்களுடைய மின்னஞ்சல் கிளவுடில் இருந்ததால் அது மட்டும் தப்பித்து, போனிலும் டேப்லெட்டிலும் ஒருவரோடொருவர் பேச முடிந்தது. இதைப் படித்த பிறகுதான் நான் கிளவுட் பக்கம் திரும்பிப் பார்த்தேன். எங்கள் ஷாப்பின் 3 கம்ப்யூட்டரை நான் காப்பதைவிட, அதையே தொழிலாக வைத்திருப்பவன் நன்றாகக் காப்பான்.

ஆகஸ்ட் 5 குறிப்பும் இதுவும் ஒன்றை ஒன்று இடிக்கிறதே என்று கேட்பீர்கள். இடிக்கத்தான் செய்கிறது. இரண்டுமே எனக்கு நடந்தது.

2025 ஆகஸ்ட் 11

நெட் போனால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தீர்கள். போன வருடம் ரோட்டில் குழி தோண்டி ஃபைபரை அறுத்துவிட்டார்கள், இரண்டு நாள் நெட் இல்லை. மெஷின் எதுவும் நிற்கவில்லை, புரோகிராம் உள்ளேயே இருந்தது. டி.சி. கையில் எழுதினோம். ஈ-வே பில்லை (சரக்கு வண்டிக்கு ஆன்லைனில் எடுக்கும் சீட்டு) கேட்டுக்கு வெளியே நின்று போனில் போட்டோம். தகர ஷெட்டுக்குள் சிக்னல் வராது.

இன்னொன்று. பில்லுக்கு நெட் தேவைப்படும் நிலை கிளவுட் மென்பொருளால் வந்ததில்லை. 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடி டர்ன்ஓவர் தாண்டிய நம்மைப் போன்ற ஷாப்புகளுக்கு ஈ-இன்வாய்ஸ் கட்டாயம். சொந்த சர்வரில் பில் போட்டாலும் அரசாங்க போர்ட்டலில் எண் வாங்காமல் வண்டி கிளம்பாது.

2025 ஆகஸ்ட் 19

இன்று கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். மென்பொருள் விற்பவர் யாரும் சொல்லாத இடம் இது: ஷாப் ஃப்ளோரில் எண்களை யார் தட்டுவது?

எங்களிடம் 9 ஆபரேட்டர். 5 பேர் ஒடிசா, 2 பேர் பீகார், 2 பேர் நம் ஊர். திரை முழுக்க ஆங்கிலம். மெஷினுக்கு மெஷின் டேப்லெட் மாட்டினோம். முதல் மாதம் ரிப்போர்ட் பார்த்தால் எல்லா வேலையும் மாலை 5:50-க்கு ஆரம்பித்து 5:58-க்கு முடிந்திருக்கிறது. ஷிப்ட் முடியும்போது மொத்தமாகத் தட்டியிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கையில் கூலன்ட் (மெஷினைக் குளிர்விக்கும் திரவம்), உள்ளங்கையில் சிப் (உலோகச் சீவல்) குத்தியிருக்கும், தொடுதிரை ஈரக் கையை ஏற்காது. ஒரு நாள் நானே மூன்று மணி நேரம் நின்று பார்த்தேன். ஒடிசாப் பையன் ஒருவன் முழங்கை மடிப்பால் திரையைத் துடைத்து, சுண்டு விரலால் தட்டிக்கொண்டிருந்தான். அந்த விரல் மட்டும்தான் எண்ணெய் படாமல் இருந்தது.

அன்று சாயங்காலமே டேப்லெட்டை எல்லாம் கழற்றினேன். ஜாப் கார்டில் பார்கோடு அடித்து, லைன் கடைசியில் ஒரே ஒரு ஸ்கேனர் வைத்தோம். ஆரம்பிக்கும்போது ஒரு ‘பீப்’, முடிக்கும்போது ஒரு ‘பீப்’. ரிஜெக்‌ஷன் மட்டும் இன்ஸ்பெக்‌ஷன் அக்கா தட்டுவார். அதன் பிறகுதான் எண்ணிக்கை உண்மையாக வந்தது.

லைசென்ஸ் விஷயத்திலும் இதில் ஒரு பாடம் கிடைத்தது. ஆளுக்கு இவ்வளவு என்றதும் நான் செலவைக் குறைக்க மூன்று ஷிப்டுக்கும் ஒரே லாகின் கொடுத்தேன். ஒப்பந்தப்படியே அது தப்பு. அதைவிட, யார் போட்ட என்ட்ரி என்று தெரியாமல் போனது. கீழே சொல்கிற சம்பவத்தில் அதுதான் வினையானது.

ஒரு மோட்டார் கவர். ஆயில் சீல் உட்காரும் பள்ளத்தின் ஆழம் 10 மி.மீ. இருந்ததைக் கஸ்டமர் 9 ஆக்கிப் புது ரிவிஷன் (திருத்திய டிராயிங்) அனுப்பினார். மென்பொருளில் புது டிராயிங் அன்றே ஏறிவிட்டது, சிவப்புக் குறியும் காட்டியது. ஆபரேட்டர் எப்போதும்போல் பென் டிரைவிலிருந்து பழைய புரோகிராமை ஏற்றினார். 46 கவர் 10 மி.மீ. ஓடிவிட்டது. 9 ஓட்டிய இடத்தில் 10 வேண்டுமென்றால் திரும்ப ஏற்றிச் சரிசெய்யலாம். 10 ஓட்டிய இடத்தில் 9 வராது. 46 கவரும் ஸ்கிராப். காஸ்டிங் கஸ்டமருடையது, அதன் விலையை எங்கள் பணத்தில் கழிக்க டெபிட் நோட் வந்தது. யார் ஏற்றியது என்று பார்த்தால் பொது லாகின்.

அதற்குப் பிறகு பென் டிரைவை நிறுத்தினோம். புரோகிராமர் மேஜையிலிருந்து கேபிள் வழியாகத்தான் மெஷினுக்குப் போகும். பழைய ஃபேனக் கன்ட்ரோல் (மெஷினை இயக்கும் கம்ப்யூட்டர்) உள்ளதற்கு ஆர்.எஸ். 232 கேபிள், புதியவற்றுக்கு நெட்வொர்க் ஒயர். புரோகிராமின் முதல் வரியில் ரிவிஷன் எழுத்து, ஜாப் கார்டிலும் அதே எழுத்து. இரண்டும் ஒத்துப்போனால்தான் சைக்கிள் ஸ்டார்ட் (மெஷினை ஓடவைக்கும் பட்டன்). இதற்குச் சந்தா எதுவும் இல்லை.

2025 ஆகஸ்ட் 20

நேற்று எழுதியதைப் படித்தால், எல்லாமே கையால் சரிசெய்ததுபோலத் தெரிகிறது, மென்பொருளுக்கு என்ன வேலை என்று தோன்றும். அது நியாயமில்லை. ரிவிஷன் மாறியது எங்கள் கண்ணுக்குத் தெரிந்ததே மென்பொருளால்தான். நோட்டுக் காலத்தில் கஸ்டமர் டெபிட் நோட் அனுப்பிய பிறகுதான் தெரியும். அப்புறம், கஸ்டமர் போன் செய்து “என் லாட் எங்கே?” என்றால் இப்போது அரை நிமிடத்தில் பதில். முன்பு என் தம்பி ஷெட் முழுக்க நடந்து பார்த்துவிட்டு வந்து சொல்வார்.

2025 செப்டம்பர் 7

கேட் (பார்ட்டின் டிராயிங், மாடல் வரையும் மென்பொருள்), கேம் பற்றிக் கேட்டவருக்கு. அங்கே நமக்குத் தேர்வே குறைந்துகொண்டு வருகிறது. இந்த மென்பொருள்களை விற்கும் ஆட்டோடெஸ்க் 2016-லேயே புது நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்தியது. 2020 அக்டோபரில் தங்கள் ஃபியூஷன் 360 மென்பொருளின் இலவச வடிவத்தைச் சுருக்கினார்கள். ஒரே நேரத்தில் திருத்தக்கூடிய டாக்குமென்ட் 10 மட்டும், கேம் பகுதியில் ரேப்பிட் நகர்வு (வெட்டாதபோது கருவி வேகமாக நகர்வது) கிடையாது. அது வீட்டில் பழகுபவர்களுக்கான இலவசம், தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது, சரிதான். ஆனாலும் எங்களிடம் இருந்த ஐ.டி.ஐ. பையன் வீட்டில் அதில்தான் கற்றுக்கொண்டிருந்தான். முதல் நாள் இருந்த வசதி மறு நாள் இல்லை. கொடுத்தவர் எந்த நாளும் எடுத்துக்கொள்ளலாம் என்பதை அவன் முகத்தில் பார்த்தேன்.

அதனால் மாடலைக் கம்பெனியின் சொந்த வடிவத்தில் மட்டும் வைக்காதீர்கள். வேலை முடிந்ததும் ஸ்டெப் ஃபைல் (மற்ற கேட் மென்பொருளும் திறக்கிற பொது வடிவம்) ஒன்று, பி.டி.எஃப். ஒன்று, ஜி-கோட் ஒன்று, மூன்றையும் நம் டிஸ்கில் போடுங்கள்.

2025 அக்டோபர் 1, ஆயுத பூஜை

காலையில் மெஷின் எல்லாம் கழுவித் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்தோம். இன்ஸ்பெக்‌ஷன் அக்கா வெர்னியர், மைக்ரோமீட்டரோடு பார்கோடு ஸ்கேனருக்கும் பொட்டு வைத்துவிட்டார். அப்போது லோடிங் பையன், “அக்கா, கிளவுடுக்கு எங்க பொட்டு வைப்பீங்க?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா யோசிக்காமல் வைஃபை பெட்டியில் ஒன்று வைத்தார்.

பொரி சாப்பிட்டபடி இதை எழுதுகிறேன். விஷயத்துக்கு நாளை மறுநாள் வருகிறேன்.

2025 அக்டோபர் 15

நாளை மறுநாள் என்றது இரண்டு வாரம் ஆகிவிட்டது, ஏற்றுமதி லாட் ஒன்று இருந்தது.

நேற்றோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு முடிந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், “ஒரு முறை வாங்கினால் ஆயுசுக்கும் நமது” என்று நானும் நம்பியிருக்கிறேன். எங்கள் பழைய கேம் மென்பொருள் நிரந்தர உரிமம்தான். கம்ப்யூட்டரின் பின்னால் பேரலல் போர்ட்டில் (பழைய பிரிண்டர் சொருகும் இடம்) பச்சை நிறத்தில் ஒரு பூட்டு, அதாவது உரிமத்தைக் காட்டும் சின்னக் கருவி, இன்சுலேஷன் டேப் சுற்றி நிற்கிறது. அது விண்டோஸ் எக்ஸ்.பி.யில்தான் ஓடும். பேரலல் போர்ட் உள்ள மதர்போர்டுக்காகக் காந்திபுரத்தில் பழைய சாமான் கடை கடையாகத் தேடியிருக்கிறேன். போன ஜூனில் அந்தப் பூட்டு ஒரு வாரம் அடையாளம் காட்டவில்லை. விற்ற ஏஜென்சியே இப்போது இல்லை. பின்னைத் துடைத்துச் சொருகினால் மறுபடி வேலை செய்கிறது, எத்தனை நாளைக்கு என்று தெரியாது.

ஆகஸ்டில் “சாவி யார் கையில்” என்று எழுதினேனே, அதைத் திருத்திக்கொள்கிறேன். இந்தப் பூட்டின் சாவி என் கையில்தான் இருக்கிறது. மாட்டத்தான் கம்ப்யூட்டர் கிடைக்கவில்லை.

2025 அக்டோபர் 26

உங்கள் மெயில் கிடைத்தது. 30 நாள் இலவசமாகப் போட்டுப் பார்க்கப் போகிறீர்கள் என்று தெரிந்துகொண்டேன். நல்லது. முதல் வாரத்திலேயே ஒரு வேலை செய்யுங்கள். 20 ஜாப் கார்டும் 20 டிராயிங்கும் ஏற்றிவிட்டு, “எல்லாவற்றையும் திருப்பித் தாருங்கள்” என்று கேளுங்கள்.

நான் கேட்காமல் விட்டேன். முதலில் வைத்திருந்த கிளவுட் கம்பெனியை விட்டு வெளியே வரும்போது எக்செல்லில் கஸ்டமர் பட்டியல், ஐட்டம் பட்டியல் வந்தது. ஜாப் கார்டு வரலாறு வரவில்லை. டிராயிங் 3,140 பி.டி.எஃப். வந்தது. ஒவ்வொன்றின் பெயரும் நீளமான எண், எது எந்தப் பார்ட் என்று இல்லை. ஒவ்வொன்றாகத் திறந்து, டிராயிங் ஓரத்தில் பார்ட் பெயர் இருக்கும் டைட்டில் பிளாக்கைப் பார்த்து, பெயர் மாற்றினோம். என் மகளும் அக்கவுண்ட்ஸ் அக்காவும் மூன்று வாரம் உட்கார்ந்தார்கள். கடைசி இரண்டு நாள் மகள் கனவிலும் பார்ட் நம்பர் சொன்னாள் என்று வீட்டில் சொன்னார்கள். அவள் பிளஸ் டூ பரீட்சை முடிந்த விடுமுறை அது. எனக்கு இன்னும் மனசு கேட்கவில்லை.

இப்போதைய ஒப்பந்தத்தில் மூன்று வரி சேர்க்கச் சொன்னேன், சேர்த்தார்கள். வருட ஏற்றம் 5 சதவீதத்துக்கு மேல் கூடாது. பணம் தவறினால் 30 நாள் வரை மூடக் கூடாது. விட்டுப் போனாலும் 90 நாள் பார்க்கவும் எடுக்கவும் முடிய வேண்டும். நம்மை மாதிரிச் சின்ன ஆள் கேட்டால் செய்வார்களா என்று தயங்காதீர்கள். அவர்களுக்கும் நம் ஊரில் ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன்தான் அந்தப் பலம் நமக்கு, அப்புறம் இல்லை.

2025 நவம்பர் 9, ஞாயிறு

உங்கள் அப்பாவை அழைத்துக்கொண்டு ஒரு நாள் வாருங்கள் என்று எழுதியிருந்தேன். நேற்று இருவரும் வந்தது மிகவும் சந்தோஷம். மற்றவர்களுக்காக இங்கே பதிகிறேன்.

பெரியவர் ஸ்கேனரையோ ரிப்போர்ட்டையோ அதிகம் பார்க்கவில்லை. நேராக இன்ஸ்பெக்‌ஷன் மேஜைக்குப் போய், “நெட்டைப் புடுங்கிட்டுக் காட்டுங்க தம்பி” என்றார். ஒயரைக் கழற்றினேன். இரண்டாவது வி.எம்.சி.க்குப் புது லாட் புரோகிராம் ஏற்றச் சொன்னார். ஏற்றினோம். டிராயிங்கை எடுக்கச் சொன்னார். உள் டிஸ்கிலிருந்து எடுத்தோம், ரிவிஷன் எழுத்து ஒத்துப்போனது. பையன் சைக்கிள் ஸ்டார்ட் அழுத்தினான், கூலன்ட் அடித்தது. அவர் கண்ணாடி வழியாக முதல் பீஸ் முடியும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

பிறகு கிளவுடிலிருந்து எடுத்து வைத்த போன மாதத் தரவின் பிரதியைக் கேட்டார். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு எடுத்து, டிஸ்கைக் கழற்றி வீட்டு பீரோவில் வைக்கிறேன். கொண்டுவந்து போட்டேன். அதில் அவர் கண்ணில் பட்ட ஒரு வரியைக் காட்டி, “இந்த ஜாப் கார்டோட பீஸ் இருக்கா?” என்றார். ரேக்கில் தேடி மாதிரிப் பீஸை எடுத்துக் கொடுத்தேன். அவரே மைக்ரோமீட்டரை வாங்கி, துடைத்து, இரண்டு முறை பிடித்துப் பார்த்து, திரையில் இருந்த அளவோடு சரிபார்த்தார்.

போகும்போது மகனிடம், “எட்டுப் பேருக்கு எதுக்கு, முதல்ல மூணு பேருக்கு வாங்கு” என்றார்.